பழைய களம்: மேல்தளம் இடுவதா, பெயர்த்து அமைப்பதா?

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

உழவுத் தொழில் எவ்வளவு பழைமையானதோ, களமும் அவ்வளவு பழைமையானது. மண்ணைக் கொத்திச் சமன் செய்து, நீர் தெளித்து இறுக்கி, சாணம் மெழுகிக் களம் அமைப்பது ஒவ்வோர் அறுவடைக்கும் முன்னர் நம் முன்னோர் தவறாது செய்த வேலையாகும். பின்னர் பஞ்சாயத்துக்களின் முயற்சியால் ஊர்தோறும் சிமிண்டுக் காங்கிரீட் களங்கள் தோன்றின. இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே கதிரினின்றும் மணியைப் பிரித்துத் தந்துவிடுகிறது. ஆதலால் களத்துக்கு வேலை குறைந்துவிட்டது என்று சிலர் எண்ணலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. கட்டுக் கட்டி, போர் போட்டு, சில நாள் காய்ந்த பின்னர் அடித்த காலத்தில் நெல்லின் ஈரம் ஓரளவு தானே வற்றியது. இயந்திரம் தரும் நெல்லோ ஈரத்துடனேயே வந்து குவிகிறது. அதை உலர்த்த அகன்ற, தூய்மையான, நீர் தேங்காத தளம் முன்னைவிட இப்போதுதான் மிகுதியாய் வேண்டியிருக்கிறது.

ஆனால் அன்று கட்டிய களங்களிற் பல இன்று முதுமை எய்திவிட்டன. சில பொடிந்து மணல் கக்குகின்றன. சில வெடித்துத் துண்டு துண்டாய்க் கிடக்கின்றன. சில ஒரு பக்கம் தாழ்ந்து மழைக்காலத்தில் குட்டையாகின்றன. கிராம சபையில் இப்பொருள் வரும்பொழுதெல்லாம் இரு கட்சிகள் எழுவதை நாம் கண்டிருக்கிறோம். “மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் போதும், பணம் மிச்சம்” என்பது ஒரு கட்சி. “பழையதை இடித்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதே சரி” என்பது மற்றொன்று. இரு கட்சியினரும் பெரும்பாலும் களத்தைத் தட்டிப் பார்த்தவர்கள் அல்லர். களம் எந்த நோயால் கெட்டது என்று கண்டறியாமல் மருந்தைப் பற்றி வாதாடுவதால் பயனில்லை. அந்நோயைக் கண்டறியும் முறையையும், அதன்பின் செய்யவேண்டிய வேலையையும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாய அன்பர்களும் அறிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

களம் கெட்டால் இழப்பு யாருக்கு?

கெட்ட களத்தால் வரும் நஷ்டம் பஞ்சாயத்தின் கணக்குப் புத்தகத்தில் தெரிவதில்லை. விவசாயியின் மூட்டையில்தான் தெரிகிறது. அரசின் கொள்முதலுக்காக வகுக்கப்பட்ட தர விதியின்படி நெல்லில் ஈரப்பதம் 100-க்கு 17-க்கு மேல் இருத்தலாகாது. சிற்சில பருவங்களில் மழையை உத்தேசித்து இவ்வரம்பு தளர்த்தப்பட்டதுண்டு. ஆயினும் தளர்வை நம்பி நெல்லைக் குவித்து வைக்க இயலாது. ஈர நெல் இரண்டொரு நாளிலேயே சூடேறி முளைகட்டவும் நிறம் மாறவும் தொடங்கிவிடும். அன்றியும், மண், கல் முதலிய உயிரில்லாப் பொருள்களின் கலப்பு 100-க்கு 1-க்கு மேற்படலாகாது என்பதும் அதே விதி. 40 கிலோ மூட்டையில் இது 400 கிராம் ஆகும். பொடியும் களத்தில் நெல்லைப் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை காலாலும் பலகையாலும் துழாவி, மாலையில் கூட்டி அள்ளினால் இந்த 400 கிராம் சேர்வது பெரிய காரியமன்று. வயலில் கல் மண் இல்லாத நெல், களத்தில் கல் மண் சேர்ந்து தள்ளுபடியாகிறது. உளுந்து, எள், கேழ்வரகு போன்ற சிறுமணிகளில் இத்தொல்லை இன்னும் மிகுதி. மணலும் மணியும் ஏறக்குறைய ஒரே பருமனாதலால், சல்லடையில் பிரிப்பதும் எளிதன்று.

களம் பயன்படாதபோது மக்கள் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டுகின்றனர். அதைக் காவல் காக்க ஓரத்தில் கல்லை வைக்கின்றனர். இரவில் வரும் இரு சக்கர வண்டிக்காரர் அக்கல்லில் மோதியோ, மணியில் சறுக்கியோ விழுவதைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு சேர்ந்து வரும் டெல்டாப் பகுதிகளில், நாலு மணி நேர வெயில் கிடைத்தால் அதை உடனே பயன்படுத்திக்கொள்ளத் தக்க தளம் உண்டா இல்லையா என்பதே ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாயைத் தீர்மானித்துவிடுகிறது.

தோல் நோயும் எலும்பு நோயும்

காங்கிரீட் தளத்துக்கு வரும் கேடுகளை இரண்டாகப் பகுக்கலாம். ஒன்று மேற்பரப்பை மட்டும் பற்றுவது. அதைத் தோல் நோய் என்போம். மற்றது தளத்தின் முழுக் கனத்தையும், அதற்கடியிலுள்ள மண்ணையும் பற்றியது. அது எலும்பு நோய். மேல்தளம் தோல் நோய்க்கு மட்டுமே மருந்து.

தோல் நோய்க்கு முதற்காரணம் கலவையில் மிகையாகச் சேர்த்த நீர். காங்கிரீட்டின் வலிமை பெரும்பாலும் சிமிண்டுக்கும் நீருக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பதை 1918-ஆம் ஆண்டிலேயே டஃப் ஏப்ரம்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் சோதித்து வெளியிட்டார். நூறாண்டு கழிந்தும் நம் ஊர்களில் கலவை “ஓட வேண்டும்” என்பதற்காகக் குடம் குடமாய் நீர் ஊற்றும் வழக்கம் போகவில்லை. அவ்வாறு ஊற்றிய நீர் மேலே கசிந்து வருகையில் சிமிண்டின் நுண்பொடியையும் உடன் கொணர்ந்து, வலிமையற்ற ஓர் ஏட்டைப் பரப்பின்மேல் விட்டுச் செல்கிறது. கசிந்த நீர் வற்றுமுன் அதன்மேல் உலர்ந்த சிமிண்டைத் தூவிக் கரணையால் தேய்த்துவிடுவதும் உண்டு. பார்வைக்குக் கண்ணாடிபோல் இருக்கும். இரண்டு பருவம் சென்றால் செதில் செதிலாய் உரியும். வேலை முடிந்த மறுநாளே நீர் காட்டுவதை நிறுத்திவிடுதல் மற்றொரு காரணம். இவற்றால் மேல் அரை அங்குலம் கெட்டாலும், அடியில் காங்கிரீட் கெட்டியாகவே இருக்கலாம்.

எலும்பு நோய் மண்ணில் தொடங்குகிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பும்; கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவு வெடிக்கும். அதன்மேல் நேரே இட்ட தளம் ஆண்டுதோறும் ஏறி இறங்குகிறது. காங்கிரீட் நசுக்கலைத் தாங்குமேயன்றி வளைவைத் தாங்காது, ஆகவே பிளக்கிறது. செம்மண் பூமியில் இத்தொல்லை குறைவு. ஆனால் அங்கும் சரியாக இறுக்காத நிரப்பு மண் அமிழ்வதுண்டு. ஓரச்சுவர் இல்லாத களங்களில் மழைநீர் விளிம்பின் கீழ் அரித்துக்கொண்டு போய் அடியைப் பொந்தாக்கிவிடும். எலி வளையும் சேர்ந்தால் கேட்கவேண்டுவதில்லை. அருகில் அரசோ ஆலோ நின்றால் வேர் தளத்தைத் தூக்கும். நெல் உலர்த்தக் கட்டிய 3 அங்குலத் தளத்தின்மேல் சுமை லாரியை ஏற்றி நிறுத்தும் கொடுமையும் நடக்கிறது. இக்காரணங்களில் எதனால் கேடு வந்திருப்பினும், மேலே பூசும் பூச்சு அதை மறைக்குமேயன்றி மாற்றாது.

களத்தைச் சோதிக்கும் முறை

இதற்குக் கருவி அதிகம் வேண்டா. துடைப்பம், இரும்பு ஆணி, ஒரு சுத்தி, கனமான இரும்புச் சங்கிலி, நீர், சுண்ணக்கட்டி, மண்வெட்டி ஆகியவை போதும். ஒன்றியப் பொறியாளர் வருமுன்னரே வார்டு உறுப்பினரும் இரண்டொரு விவசாயிகளும் ஒரு கொத்தனாரும் சேர்ந்து அரை நாளில் இச்சோதனையை முடிக்கலாம்.

முதலில் களம் முழுவதையும் கூட்டி, பின்னர் ஆணியால் பல இடங்களில் அழுத்திக் கீறிப் பார்க்கவேண்டும். வெண்கோடு மட்டும் விழுந்தால் பரப்புக் கெட்டி. பொடியாய்க் கிளம்பிக் குழி விழுந்தால் அவ்விடத்தில் மேலேடு கெட்டது. கெட்ட இடத்தைக் கொத்திப் பார்த்தால், எத்துணை ஆழத்தில் கெட்டிக் காங்கிரீட் அகப்படுகிறது என்பது புலப்படும்.

அடுத்தது ஒலிச் சோதனை. நம் மதிப்பில் இதுவே தலையாயது. சங்கிலியைத் தளத்தின்மேல் மெல்ல இழுத்துச் செல்லுங்கள். ஐயமான இடத்தில் சுத்தியால் தட்டுங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும்; அடி பொந்தான இடமும், ஏடு பிரிந்த இடமும் பானையைத் தட்டினாற்போல் மந்தமாய் ஒலிக்கும். மண்பானை வாங்கப் பழகிய நம் தாய்மார்களுக்கு இவ்வேறுபாட்டைக் கற்பிக்கவேண்டியதில்லை. களத்தில் வேலை செய்யும் பெண்களையும் இச்சோதனைக்கு அழைத்துக்கொள்வது நலம் என்று நாம் கூறுவது விளையாட்டுக்கன்று. எந்த மூலையில் நீர் நிற்கும், எங்கே காலில் கல் குத்தும் என்பதை அவர்களே அறிவர். மந்த ஒலி எழும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் கோடிட்டுக்கொண்டே வந்தால், முடிவில் களத்தின் நோய் முழுவதும் படம்போல் கண்முன் நிற்கும்.

பின்னர் நீர் ஊற்றிப் பார்க்கவேண்டும். நீர் எங்கே தேங்குகிறது, வெடிப்பில் விழுந்த நீர் மேலேயே நிற்கிறதா அல்லது உறிஞ்சப்பட்டு மறைகிறதா என்று கவனியுங்கள். மறைந்தால் வெடிப்பு அடிவரை செல்கிறது என்று பொருள். வெடிப்பின் இரு கரைகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று நேரான பலகையை வைத்துப் பார்க்கவேண்டும். மயிரிழை வெடிப்பு, இரு கரையும் சமம் என்றால் அஞ்சவேண்டியதில்லை. ஒரு கரை உயர்ந்து மற்றது தாழ்ந்திருந்தால் அடிமண் நகர்ந்திருக்கிறது. மழைக்குப் பின் ஒரு டிராக்டரை மெதுவாக ஓட்டச் செய்து வெடிப்பருகே குனிந்து பாருங்கள். சக்கரம் ஏறும்போது தளம் அசைந்தாலும், வெடிப்பின் வழியே சேற்று நீர் பீறிட்டாலும் அத்தளத்தின்மேல் வேறெந்தத் தளத்தையும் ஒட்ட வைக்க எண்ணுவது வீண்.

களத்தின் ஓரத்தில் ஓரிடத்தில் மண்ணைத் தோண்டித் தளத்தின் கனத்தை அளந்துகொள்வதும் இன்றியமையாதது. ஏட்டில் 4 அங்குலம் என்றிருக்கும். தோண்டினால் இரண்டரை அங்குலம் தென்படுவதும் உண்டு. அடியில் உடைகல் படுகை இருக்கிறதா, வெறும் மண்ணா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வெடிப்பு இன்னும் வளர்கிறதா, அல்லது என்றோ நின்றுவிட்டதா என்று அறிய ஒரு வழியுண்டு. வெடிப்பின் குறுக்கே சிறிது சிமிண்டுச் சாந்தைப் பட்டையாகப் பூசி அதில் தேதி எழுதி வையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்தபின் பட்டை பிளவாதிருந்தால், வெடிப்பு உறங்குகிறது. பிளந்துவிட்டால் அது உயிரோடிருக்கிறது. உயிருள்ள வெடிப்பு, மேலே எத்தனை அங்குலம் ஒட்டினாலும் அதே கோட்டில் மீண்டும் முளைக்கும். மானியத் தொகை வந்த அவசரத்தில் ஆறு மாதம் காத்திருக்க முடியாதே என்பர். ஆகவேதான் பணம் வருமுன்னரே, இவ்வாண்டே, பட்டை இட்டு வைக்கும்படி ஊராட்சிகளை வேண்டிக்கொள்கிறோம். அதற்கு ஒரு கரணைச் சாந்துக்கு மேல் செலவில்லை.

முடிவு செய்வது எவ்வாறு?

தளத்தின் கனம் 4 அங்குலத்துக்குக் குறையாமலும், ஒலி பெரும்பாலும் கணீரென்றும், வெடிப்புகள் மெல்லியனவாயும், கேடு மேல் அரை அல்லது முக்கால் அங்குலத்தோடும் நின்றால், ஒட்டு மேல்தளம் இடுவதே சிக்கனம். களத்தின் கால்பங்குக்கு மேல் மந்த ஒலி எழுந்தாலும், கரைகள் ஏறியிறங்கிய வெடிப்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடினாலும் பெயர்த்து அமைப்பதே தக்கது. கால்பங்கு என்பது சட்டமன்று. நாம் பார்த்த களங்களைக் கொண்டு நாம் வைத்துக்கொண்ட அளவு.

இவ்விரண்டுக்கும் இடையே பலர் மறந்துவிடும் இரு வழிகள் உள்ளன. களம் கட்டங்களாகப் பிரித்து இடப்பட்டிருந்து, நான்கைந்து கட்டங்கள் மட்டும் கெட்டிருந்தால், அக்கட்டங்களை மட்டும் பெயர்த்து அடிமண்ணைச் சீர்செய்து புதிதாக இட்டு, மற்றவற்றை அப்படியே விட்டுவிடலாம். இது ஒரு வழி. மற்றொன்று, பழைய தளத்தையே அடிப்படுகையாக வைத்து, அதன்மேல் கனத்த பிளாஸ்டிக் தாளை விரித்து, 4 அங்குலத்துக்குக் குறையாத புதுத் தளத்தை ஒட்டாமல் இடுதல். இங்கே புதுத் தளம் தன் வலிமையிலேயே நிற்கிறது. தாள் இடையில் இருப்பதால் பழைய வெடிப்பு எளிதில் மேலேறாது. பெயர்க்கும் கூலியும் மிச்சம். ஆனால் களம் 4 அங்குலம் உயரும். வண்டி ஏறும் சரிவு, பக்கத்து வீட்டாரின் வாசல் மட்டம், வடிகால் ஆகியவற்றை முன்னரே பார்க்காவிட்டால் களத்து நீர் அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேரும். பின்னர் வழக்கும் வரும். அன்றியும், அசையும் கரிசல் அடிமண்ணுக்கு இவ்வழியும் உதவாது.

கரிசல் பூமி ஊர் ஒன்றில் நடந்ததை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். அவ்வூர்க் களம் நடுவில் நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதி விரலளவு தாழ்ந்திருந்தது. வெடிப்பைச் சாந்தால் அடைத்து, களம் முழுவதும் முக்கால் அங்குலச் சிமிண்டுப் பூச்சு இட்டனர். பொங்கலுக்கு முன் வேலை முடிந்தது. களம் புதுப்பெண்போல் விளங்கியது. கோடை வந்தது, மண் சுருங்கியது, பழைய பிளவு அதே இடத்தில் வாய் திறந்தது. அடுத்த மழையில் பூச்சுக்கடியில் நீர் புகுந்து, ஏடு ஏடாய்க் கிளம்பியது. உளுந்து உலர்த்த வந்தவர்கள் அப்பூச்சுத் துண்டுகளைக் கூடையில் அள்ளி வெளியே கொட்டிவிட்டுப் பழைய தளத்திலேயே உலர்த்தினர். செலவழித்த பணம் போனதோடு, ஒருமுறை பழுதுபார்த்த களத்துக்கு உடனே மறுபடியும் நிதி கேட்க இயலாத நிலையும் அவ்வூருக்கு ஏற்பட்டது. பூச்சுக்குப் பதிலாக அப்பணத்தைச் சேமித்து வைத்துப் பாதிக் களத்தையேனும் பெயர்த்துச் சரியாக அமைத்திருக்கலாம். பாதிக் களமாயினும் நல்ல களத்தில் நெல் உலரும்.

மேல்தளம் இடும் முறை

மேல்தளம் என்றதும் அரை அங்குலச் சுண்ணப்பூச்சைப் போல் சிமிண்டுச் சாந்தைப் பூசுவது என்று எண்ணுவதே பெரும்பாலான தோல்விகளுக்கு வித்து. வெயிலிலும் மழையிலும் டிராக்டருக்கடியிலும் கிடக்கும் தளத்துக்கு வெறும் சாந்துப் பூச்சு நில்லாது. ஜல்லி கலந்த காங்கிரீட்டையே, 2 அங்குலத்துக்குக் குறையாமல் இடவேண்டும். ஜல்லி அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது.

இங்கு ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். பழைய காங்கிரீட் தன் சுருக்கத்தை என்றோ முடித்துக்கொண்டது. புதியது உலர உலரச் சுருங்கும். சுருங்கும் புதியதைச் சுருங்காத பழையது பிடித்து இழுக்கிறது. இந்த இழுபறியில் ஒட்டு வலுவாயிருந்தால் தளம் நிற்கும். இல்லையேல் ஓரங்கள் சுருண்டு பெயரும். ஆகவே வேலையின் முழுப் பயனும் ஒட்டைப் பொறுத்தது. ஒட்டு முழுவதும் பழைய பரப்பைத் தயாரிப்பதைப் பொறுத்தது.

பொடிந்த ஏடு முழுவதையும் கொத்தி எடுத்து, ஜல்லி கண்ணுக்குத் தெரியும்வரை பரப்பைச் சொரசொரப்பாக்கவேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொத்துப் போடுவது போதாது. மந்த ஒலி எழுந்த இடங்களை முழு ஆழத்துக்கும் வெட்டி எடுத்து முன்னதாக நிரப்பவேண்டும். எண்ணெய், தார், சாணம் படிந்த இடங்களில் ஒட்டு சிறிதும் பிடிக்காது. டிராக்டர் நிற்கும் மூலையில் எண்ணெய்க் கறை நிச்சயம் இருக்கும். அதைக் கொத்தியே எடுக்கவேண்டும். பின்னர்த் தூசியை நீர் பாய்ச்சிக் கழுவவேண்டும். ஓரங்களில் மேல்தளத்தைத் தேய்த்து மெலிதாக்கி முடித்துவிடுதல் ஆகாது. கத்தி முனைபோல் முடியும் விளிம்பு முதற் பருவத்திலேயே உடையும். விளிம்பில் பழைய தளத்தைச் சதுரவாட்டில் வெட்டி, அங்கும் முழுக் கனம் கிடைக்கச் செய்யவேண்டும்.

கலவை இடுவதற்கு முன்னாள் இரவு முழுவதும் பழைய தளம் நனைந்திருக்கவேண்டும். இடும் நேரத்தில் மேலே தேங்கிய நீர் ஒரு சொட்டும் இருக்கலாகாது. காய்ந்த தளம் புதுக் கலவையின் நீரை உறிஞ்சிக் குடித்துவிடும். தேங்கிய நீரோ ஒட்டைக் கெடுத்துவிடும். உள்ளே ஈரம், மேலே உலர்வு என்பதே வேண்டிய நிலை. பின்னர் சிமிண்டைக் கெட்டிப் பாலாகக் கரைத்துத் துடைப்பத்தால் அழுந்தத் தேய்த்துக்கொண்டே போக, பின்னாலேயே கலவையைக் கொட்டவேண்டும். களம் முழுவதும் பாலைத் தடவிவிட்டுச் சாப்பிடப் போய் வந்து கலவை இடுவதைவிடப் பால் தடவாமலிருப்பதே மேல். காய்ந்த பால் ஒட்ட வைப்பதற்குப் பதிலாகப் பிரித்து வைக்கும். இக்காலத்தில் ஒட்டுக்கென்று விற்கும் ரப்பர்ப்பால் போன்ற திரவங்களும் பயன் தருவனவே. ஆனால் அவை கொத்து வேலைக்கும் கழுவு வேலைக்கும் ஈடாகா.

கலவை 1 பங்கு சிமிண்டு, ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு ஜல்லி என்ற அளவில் இருக்கட்டும். 50 கிலோ சிமிண்டு மூட்டைக்கு நீர் 25 லிட்டருக்கு மேற்பட வேண்டா. மணல் ஈரமாயிருந்தால் இன்னும் குறைக்கவேண்டும். ஆற்றுமணல் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில் எம்-சாண்ட் என்னும் அரவை மணல் கொள்வதில் குற்றமில்லை. ஆனால் கல் உடைக்கும் ஆலையின் வெறுந்தூளை அப்பெயரால் இறக்கிவிடுவதுண்டு. ஒரு கண்ணாடிக் குவளையில் நீரோடு கலக்கி வைத்துப் பார்த்தால், தூள் மிகுந்தது மேலே தடித்த சேறாய்ப் படிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பழைய தளத்தில் இணைப்புக் கோடுகள் எங்கெங்கு உள்ளனவோ, அதே கோட்டில், ஒரு விரற்கடையும் விலகாமல், மேல்தளத்திலும் அதன் முழுக் கனத்துக்கும் இணைப்பு விடவேண்டும். பழைய கோட்டை மூடிவிட்டு வேறிடத்தில் கோடு கீறினால், களம் தன் கோட்டைத் தானே கீறிக்கொள்ளும். வேலை தொடங்குமுன் ஓரச்சுவரில் பழைய கோடுகளின் இடத்தை வண்ணத்தால் குறித்து வைக்காத கொத்தனாரிடம் இவ்வேலையை ஒப்படைத்தல் தகாது.

வெயில் கொளுத்தும் நேரத்தில் இடாமல் மாலை 3 மணிக்கு மேல் இடுவதும், பரப்பு இறுகத் தொடங்கியவுடன் ஈரச்சாக்கால் மூடுவதும் மெல்லிய தளத்துக்கு மிக அவசியம். மறுநாள் பாத்தி கட்டி நீர் நிறுத்தவேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் 456 எண்ணுள்ள விதி (2000-ஆம் ஆண்டுப் பதிப்பு) சாதாரணச் சிமிண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமிண்டுக்கும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்துக்கும் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கவேண்டும் என்கிறது. இன்று கடைகளில் கிடைப்பதிற் பெரும்பகுதி கலப்புச் சிமிண்டே. ஆதலால் நாம் 14 நாள் என்று வைத்துக்கொள்வோம். களத்துக்கு நீர் காட்ட யார் பொறுப்பு என்று பெயர் குறித்துத் தீர்மானத்திலேயே எழுதிவிடுதல் நலம். எல்லாருடைய பொறுப்பாக விட்ட வேலை மூன்றாம் நாளே நின்றுவிடும்.

பெயர்த்து அமைப்பதாயின்

இங்கே மண்ணுக்குச் செய்யும் வேலைதான் முக்கியம், காங்கிரீட் பிறகு. கரிசலாயின் குறைந்தது 2 அடி ஆழத்துக்கு அதை வெட்டி அகற்றி, உப்பாத கிராவல் மண்ணை அரையடி அரையடியாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்து உருளையால் இறுக்கவேண்டும். அகற்ற இயலாதவிடத்துச் சுண்ணாம்பு கலந்து உப்பும் தன்மையைக் குறைப்பதும் உண்டு. அதைப் பொறியாளரின் சோதனைக்குப் பின்னரே செய்யவேண்டும். களத்தைச் சுற்றிலும் ஒன்றரை அடியேனும் ஆழ்ந்த ஓரச்சுவர் வேண்டும். அதன்மேல் 4 அங்குலத்துக்கு 1:4:8 அடிக்காங்கிரீட், அதற்குமேல் 4 அங்குலத்துக்கு 1:1½:3 மேற்காங்கிரீட் என அமைக்கலாம். சுமை வண்டி ஏறுமென்றால் மேற்கனம் 6 அங்குலமாகட்டும். 4 அங்குலத் தளத்தை 8 முதல் 10 அடிச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இடவேண்டும். களம் முழுவதையும் ஒரே பாளமாக இட்டுவிட்டு, வெடித்துவிட்டதே என்று வருந்துவதிற் பொருளில்லை. 100 அடிக்கு 1 அடி வீதமாவது சரிவு வேண்டும். அச்சரிவை அடிமண்ணிலேயே அமைத்துவிட்டால் காங்கிரீட்டின் கனம் எங்கும் ஒரேயளவாயிருக்கும். கம்பி கட்டினால் வெடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மெல்லிய கம்பிவலை வெடிப்பு அகலாமல் பிடித்து நிறுத்துமேயன்றி, அமிழும் மண்ணைத் தாங்கி நிற்காது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 50 அடிக்கு 40 அடிக் களம் என்றால் 2,000 சதுர அடி. 2 அங்குல மேல்தளத்துக்கு 333 கன அடி, அஃதாவது ஏறத்தாழ 9½ கன மீட்டர் காங்கிரீட்; சிமிண்டு சுமார் 75 மூட்டை, பாலுக்குச் சில மூட்டை தனி. பெயர்த்து அமைப்பதாயின் 4 அங்குல மேற்காங்கிரீட்டுக்குச் சுமார் 150 மூட்டையும் அடிக்காங்கிரீட்டுக்குச் சுமார் 65 மூட்டையும் ஆக 215 மூட்டை ஆகும். ஏறக்குறைய மூன்று மடங்கு. அன்றியும் 4 அங்குலப் பழைய தளத்தை உடைத்தால் சுமார் 45 டன் இடிபாடு சேரும். அதை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதற்கு வண்டி வாடகை கொடுப்பது அறிவீனம். முஷ்டியளவாக உடைத்துப் புதுக் களத்தின் அடிப்படுகையாகப் பரப்பி இறுக்கலாம். மிகுந்ததை வயற்பாதையின் சேற்றுப் பள்ளங்களில் இடலாம். மேல்தளத்தின் மதிப்பீட்டிலோ கொத்துக் கூலியை மறவாமல் சேர்க்கவேண்டும். 2,000 சதுர அடியைச் செம்மையாகக் கொத்துவது சிறிய வேலையன்று. அதைச் சேர்க்காத மதிப்பீட்டில் கொத்து வேலையே நடவாது. எல்லாம் சேர்த்து மேல்தளத்தின் செலவு புதுக் களத்தின் செலவில் பாதியைத் தாண்டுமாயின், புதிதே அமைத்துவிடுங்கள் என்று நாம் ஆலோசனை கூறுவது வழக்கம்.

அளவுப் புத்தகத்தில் பதிவு செய்து பட்டியல் தொகை வழங்குமுன், 14 நாள் கழித்து, அதே சங்கிலியையும் சுத்தியையும் கொண்டு மேல்தளம் முழுவதையும் மறுபடி தட்டிப் பார்க்கவேண்டும். மந்த ஒலி எழும் இடத்தில் ஒட்டுப் பிடிக்கவில்லை. ஒப்பந்தக்காரர் அதை வெட்டியெடுத்து மீண்டும் இட்டுத் தரவேண்டும். ஊரார் முன்னிலையில் செய்யப்படும் இச்சோதனைக்கு எந்த ஒப்பந்தக்காரரும் மறுப்புக் கூறியதை நாம் கண்டதில்லை. முன்கூட்டியே சொல்லிவைத்தால், வேலையும் அதற்கேற்ப நடக்கிறது.

காலம் தேர்வது பற்றி ஒரு வார்த்தை. சம்பா அறுவடை முடிந்து களம் ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்களே டெல்டா ஊர்களுக்கு ஏற்றவை. சித்திரை, வைகாசியில் கிணறு வற்றிய ஊர்களில் 14 நாள் நீர் கட்டுவது எளிதன்று. வேலை முடிந்து 28 நாள் வரை டிராக்டரைக் களத்தில் ஏற்றக்கூடாது. அதன்பின் ஆடி பிறக்குமுன் இணைப்புக் கோடுகளைத் தூசி போகக் கூட்டி, காய்ச்சிய தாரும் மணலும் கலந்து அடைத்துவிட்டால், புரட்டாசியில் வரும் குறுவை நெல்லுக்குக் களம் ஆயத்தமாயிருக்கும்.